பேதுருவின் ஐஸ்

மட்டக்குளி ஐஸ் பக்டரி வாசலில் விடிந்தும் விடியாததுமாகச் சண்டை தொடங்கிவிட்டது. நாட்டில் கரண்ட் இல்லாத வருஷம் அது. டீசலும் இல்லை, பெற்றோலும் இல்லை. வந்து வந்து போகிற கரண்டில் ஐஸ் எங்கே உறைவது? பக்டரிக்காரன் ஆளுக்கு அரைக் கட்டி என்று அறுத்துக் கொடுத்தான். அந்த அரைக் கட்டிக்கும் அடிபிடி. பேதுரு முழங்கையால் இடித்து முன்னுக்குப் போய், நாலு பேரிடம் நல்ல ஏச்சு வாங்கி, தன் பங்கைச் சாக்கில் சுற்றிச் சைக்கிள் கரியரில் கட்டினான். மோட்டார் சைக்கிள் வீட்டு வாசலில் பெற்றோல் இல்லாமல் கிடந்தது.

கொட்டாஞ்சேனைச் சந்தைக்கு வந்ததும் கட்டியை இடித்தான். பெட்டியின் அடியில் ஒரு பரப்பு ஐஸ், அதன்மேல் ஒரு கை கல்லுப்பு, பிறகு மீன், பிறகு மறுபடி ஐஸ், மறுபடி உப்பு. வெறும் ஐஸ் வெயிலில் அழுதுகொண்டே கரைந்து போகும். உப்புப் போட்டால் அதற்கு வீறாப்பு வந்துவிடும், விரலை வைத்தால் கடிக்கும். வெள்ளவத்தை ஒழுங்கைகளில் பேதுருவிடம் மீன் வாங்குகிற பெண்கள் செவுளைப் பிரித்துப் பார்ப்பதில்லை. அதில் அவனுக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு. இருக்கட்டுமே, வேறு எதை வைத்துத் திமிர் பிடிப்பது?

"ஐஸ இடிக்கிறியா, கொஞ்சிறியா?" என்றான் பக்கத்துத் தட்டுக்காரன் பலீல். "ஒனக்குக் கெடச்சது எனக்குக் கெடச்சத விடப் பெருசாக் கெடக்கு."

"கண்ணு வைக்காத பலீல். ஒன் கண்ணு பட்டா அதுவும் கரைஞ்சிரும்."

சிரித்துக்கொண்டிருக்கும்போதே போன் அடித்தது. வெள்ளவத்தை டீச்சர். சனிக்கிழமை காலையில் டீச்சர் போன் எடுத்தால் அறுக்குளா இருக்கிறதா என்று கேட்பதற்காக இருக்கும். இன்றைக்கு மீனைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"பேதுரு, கெதியா வாரும். நேற்றுப் பின்னேரம் போன கரண்ட் இன்னும் வரேல்ல. ப்ரிட்ஜ் வேர்த்துக் கொட்டுது. எனக்கு அந்த மருந்தை நினைக்க நெஞ்சு பதறுது."

பேதுரு மீன் பெட்டியை அப்படியே பலீலிடம் விட்டுவிட்டுச் சைக்கிளில் ஏறினான்.

அவன் மனைவி லூர்தம்மாவுக்குப் போன வருஷம் கழுத்தில் ஒரு கட்டி வந்தது. கார்மென்டில் நாள் முழுக்கக் குனிந்து தைக்கிறவள், நெறி கட்டியிருக்கும் என்று எண்ணெய் தேய்த்துக்கொண்டு திரிந்தாள். அடுத்த கட்டி அக்குளில் வந்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். வெட்டிச் சோதித்துவிட்டுப் புற்றுநோய் என்றார்கள். அன்றைக்குப் பேதுருவுக்குக் காது அடைத்ததுதான், டொக்டர் பாயிஸ் வாயைத் திறக்கும்வரை திறக்கவில்லை.

டொக்டர் பாயிஸ் இளைஞர், கல்முனைப் பக்கத்துக்காரர். தமிழில் கதைக்கிற டொக்டர் கிடைத்ததே பெரிய புண்ணியம். "பயப்பட வாணாம் அக்கா," என்றார். "முந்தின காலத்துல இது வந்தா எங்களுக்குச் செய்யக்கூடியது கொஞ்சந்தான். இப்ப அப்படி இல்ல. புது வகை ஊசி ஒண்டு இரிக்கு. மத்த மருந்து நல்லது கெட்டது பாக்காம எல்லாத்தையும் அடிக்கும். இது தேடிப் போய்க் கெட்டதத்தான் பிடிக்கும். ரெண்டையும் சேத்து ஒழுங்காப் போட்டுக்கிட்டு, சொகமாகி வேலைக்குப் போறவங்க எத்தனையோ பேர். இடையில மட்டும் விடப்படாது."

அந்த ஊசி சும்மா சொல்லக்கூடாது. போடப் போடக் கட்டி வற்றியது. மூன்றாம் ஊசியோடு லூர்தம்மா சங்கிலி போட்டுக் கண்ணாடி பார்த்தாள். பேதுரு புனித அந்தோனியார் கோயிலில் மெழுகுதிரி கொளுத்தினான். பிறகுதான் நாட்டுக்கு வந்த தரித்திரம் ஆஸ்பத்திரிக்குள்ளும் நுழைந்தது. மருந்து முடிந்துவிட்டது, கப்பல் வரவில்லை, வெளியில் எடுங்கள் என்றார்கள். வெளியிலும் இல்லை. ஒரு முறை ஊசி தவறியது. கழுத்தில் பழைய இடத்திலேயே குன்றிமணி அளவில் மறுபடி ஒன்று தட்டுப்பட்டது. டொக்டர் பாயிஸ் அதைத் தடவிப் பார்த்துவிட்டு வழக்கம்போலச் சிரித்துப் பகிடி விடவில்லை. "இந்த முறையும் தவறினா நமக்குக் கஷ்டம் அண்ணே," என்று பேதுருவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்.

வெள்ளவத்தையில் மீன் கொடுக்கிற வாசலில் நின்று பேதுரு இதைச் சொல்லி அழுதபோது, கனகேஸ்வரி டீச்சர் மீனை உள்ளே கொண்டுபோகாமல் அப்படியே நின்றுவிட்டார். லண்டனில் இருக்கிற மகனோடு கதைத்தார். மகன் சென்னையில் மருந்தை வாங்க வைத்து, கோயில்களுக்குப் போய்த் திரும்புகிற சொந்தக்காரர் ஒருவர் கையில் கொடுத்துவிட்டான். வியாழக்கிழமை மருந்து வந்தது. வெள்ளிக்கிழமை லூர்தம்மாவையும் மருந்தையும் கூட்டிக்கொண்டு போனால், பெற்றோல் இல்லாமல் டொக்டர்மார் பாதிப் பேர் வரவில்லை, கிளினிக் திங்கட்கிழமைக்குத் தள்ளிப் போட்டாயிற்று என்று கதவில் ஒட்டியிருந்தது. அதுவரைக்கும் மருந்தை இங்கே ப்ரிட்ஜில் வைக்கலாமா என்று பேதுரு கவுண்டரில் கெஞ்சிக் கேட்டான். வெளியில் வாங்கிய மருந்தை உள்ளே எடுப்பதில்லை என்று கவுண்டர்க்காரர் நிமிர்ந்தும் பார்க்காமல் சொன்னார். மருந்து திரும்ப டீச்சர் வீட்டு ப்ரிட்ஜுக்கே போனது.

இப்போது அந்த ப்ரிட்ஜ்தான் வேர்க்கிறதாம்.

டீச்சரின் பிளாட் நாலாம் மாடியில். லிப்ட் எங்கே ஓடப்போகிறது? பேதுரு மூச்சு வாங்க ஏறிப் போனபோது டீச்சர் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு விசிறியோடு நின்றார். சமையலறைத் தரையெல்லாம் ப்ரிட்ஜ் தண்ணீர்.

"மகனோட கதைச்சனான்," என்றார் டீச்சர். "என்ன செய்தாலும் குளிர் விட்டுப் போகக் கூடாதாம். ஐஸ் பெட்டியில வையுங்கோ எண்டவன், லைன் வெட்டுப்பட்டுப் போச்சு. பிறகு எடுக்கேலாம இருக்கு. ஐஸுக்கு நான் எங்க போவன்? உடன உம்மட நினைவுதான் வந்தது."

"அத என்கிட்ட விடுங்கம்மா." பேதுரு கறுப்புப் பொலித்தீனில் சுற்றி டேப் ஒட்டிய பொதியை இரண்டு கையாலும் வாங்கினான். கொண்டுவந்தவர் ஒட்டிய டேப்பை டீச்சர் பயத்தில் பிரிக்கவே இல்லை. பொதி லேசாக வெதுவெதுப்பாக இருப்பதுபோல் அவனுக்குப் பட்டது. "ஐயோ, சூடு ஏறிட்டுதே!"

"ஐஸைப் பற்றி உமக்கு நான் சொல்லித் தாறதே? கவனமாக் கொண்டுபோம்."

"திங்கக்கிழமை வரைக்கும் ஒரு சொட்டுச் சூடு பட விட மாட்டன். நீங்க நிம்மதியா இருங்க."

அவர் கும்பிட்டார். அவனும் கும்பிட்டான்.

சந்தையில் மிஞ்சிய ஐஸையும் அள்ளிக்கொண்டு வீட்டுக்கு வந்ததும் பேதுரு தன்னிடம் இருந்த, குளிர் தாங்கும் ரெஜிபோம் மீன் பெட்டிகளில் நல்லதாக ஒன்றைத் தேடி எடுத்தான். மீன் வாசம் போகும்வரை சவர்க்காரம் போட்டுத் தேய்த்தான். லூர்தம்மா கட்டிலில் உட்கார்ந்தபடி பொதியைப் பிரித்தாள். உள்ளே தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய அட்டைப் பெட்டி. அதற்குள் சின்னக் கண்ணாடிக் குப்பியில் தெளிந்த தண்ணீர்போல மருந்து. இவ்வளவுக்கா இத்தனை பாடு என்று இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் தோன்றியது.

"இங்க பாருங்க, பூப் படம் போட்டிருக்கு," என்றாள் லூர்தம்மா. அட்டையின் பக்கவாட்டில் ஆறு இதழ் விரித்த மாதிரி ஒரு சின்னப் படம், அதன் குறுக்கே ஒரு கோடு. கீழே எள்ளை இறைத்தாற்போல இங்கிலீஷ் எழுத்து.

"கம்பெனி மார்க்கா இருக்கும்."

"பூவ ஏன் வெட்டி வச்சிருக்கானுங்க?"

"அவன்கிட்டப் போய்க் கேளு. தா இங்கால, கைச் சூடு படும்."

குப்பியை அட்டையோடு பொலித்தீனில் இறுக்கிக் கட்டினான். அடியில் ஐஸ், உப்பு. நடுவில் மருந்து. மேலே ஐஸ், உப்பு. வழக்கமாகப் போடுகிற உப்பைவிட ஒரு கை கூடவே போட்டான். மீனுக்கே அவ்வளவு பார்க்கிறவன் பெண்சாதியின் உயிருக்குப் பார்க்க மாட்டானா? மூடியைப் போட்டு, சாக்கைச் சுற்றி, பெட்டியைக் கட்டிலுக்குக் கீழே இருட்டான மூலைக்குத் தள்ளினான். வீட்டில் இரண்டு பேரும் அந்த மூலையைச் சுற்றி மெதுவாக நடந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஐஸ் இன்னும் குறைந்துவிட்டது. பக்டரியில் கிடைத்தது ஒரு கை அகலம். பேதுரு அதை மீனுக்குப் போடவே இல்லை, நேரே வீட்டுக்குக் கொண்டுவந்தான். பெட்டியில் தண்ணீரை வடித்துவிட்டுப் புது ஐஸ் வைத்து உப்பிட்டான். சந்தையில் அவனுடைய பாரையும் சூரையும் மதியத்துக்குள் கண் மங்கி வயிறு தளர்ந்தன. வாங்க வந்தவர்கள் முகர்ந்து பார்த்துவிட்டுப் போனார்கள். மிச்சத்தை அவன் கடலில் கொண்டுபோய்க் கொட்டினான்.

"பைத்தியமாடா ஒனக்கு?" என்று பலீல் கத்தினான். "ஐஸ எங்க கொண்டுபோய் ஒளிச்ச?"

"வீட்டுல வச்சிருக்கன். மருந்துக்கு."

பலீல் போகும்போது தன் தட்டிலிருந்து ஒரு சிறங்கை ஐஸை அள்ளிப் பேதுருவின் பையில் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனான்.

அன்று பின்னேரம் பெட்டியைத் திறந்து பார்த்தபோது பொலித்தீனில் வெள்ளை பூத்திருந்தது. பேதுரு அட்டையைப் பிரித்துக் குப்பியை வெளிச்சத்தில் பிடித்தான். தெளிவாக இருந்த மருந்து வெள்ளையாக இறுகி, குப்பியைக் குலுக்கினாலும் அசையாமல் நின்றது.

"என்னங்க, நிறம் மாறிப்போச்சு?" லூர்தம்மா எழுந்து வந்தாள்.

"ஐஸ் பிடிச்சா எல்லாம் வெள்ளதான். தண்ணி பிடிக்கல்லையா? பால் பிடிக்கல்லையா? இளகினாச் சரி."

"எனக்கு என்னவோ பயமா இருக்குங்க."

"பயப்படாத லூர்து. இப்பிடி இருந்தா ஒரு மாசம் வைக்கலாம். பழுதாகாது. இது பேதுருட ஐஸ்."

அவள் சிரித்தாள். அவன் குப்பியைத் திரும்பவும் ஐஸுக்குள் புதைத்தான். அன்றைக்கு அவனுக்கு நல்ல நித்திரை.

திங்கட்கிழமை பஸ்ஸில் இடமில்லை. பேதுரு பெட்டியை நெஞ்சோடு அணைத்தபடி ஒற்றைக் காலில் நின்றான். கொண்டக்டர் பெட்டியைக் கீழே வைக்கச் சொல்லி ஏசினான். அவன் வைக்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போனால் கூட்டம் வாசல்வரை வழிந்தது. வெள்ளிக்கிழமைக்காரரும் திங்கட்கிழமைக்காரரும் ஒன்றாகக் குவிந்திருந்தார்கள். உட்காருகிற வாங்கு முழுவதும் மொட்டைத் தலைகளும் துணி கட்டிய தலைகளும். காத்திருந்து காத்திருந்து வெயில் உச்சிக்கு வந்தது. பெட்டிக்குள் ஐஸ் கரைந்து தண்ணீராகி, தண்ணீரும் குளிர் விடத் தொடங்கிய பிறகுதான் லூர்தம்மாவின் பெயரைக் கூப்பிட்டார்கள்.

நல்ல வேளையாக உள்ளே நாற்காலி காலியாக இருந்தது. ஒரு நர்ஸ் லூர்தம்மாவின் கையில் நரம்பு தேடி ஊசி குத்தி, முதலில் சேலைன் ஏற்றினாள். அலர்ஜி வராமல் இருக்க இன்னொரு மருந்தும் போட்டாள். அதற்கு நித்திரை தூக்கும் என்று லூர்தம்மாவுக்குப் பழைய அனுபவம். "தூங்கிருவன், நீங்க பக்கத்துல இருங்க," என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிச் செபமாலையைக் கையில் எடுத்தாள்.

மேசையில் இருந்த பெரிய நர்ஸிடம் பேதுரு குப்பியை நீட்டினான். மருந்து இளகி, முதல் நாள் பார்த்த மாதிரியே தெளிந்திருந்தது. அதைப் பார்க்க அவனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நர்ஸ் அதை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துத் தட்டில் வைத்தாள். ஊசிக் குழாயைப் பிரித்தபடியே, "அய்யே, மேக்க தியாகென ஹிட்டியே கொஹேத?" என்று கேட்டாள். இத்தனை நாளும் எங்கே வைத்திருந்தாய் என்று எல்லோரிடமும் கேட்கிற கேள்விதான்.

பேதுருவுக்கு முகமெல்லாம் பல். மீன் விற்கிற சிங்களத்தில் மளமளவென்று சொன்னான். "ஐஸ்வல மிஸ். லுணு தாப்பு ஐஸ். கல் வகே திபுணே!" உப்புப் போட்ட ஐஸில், கல்லு மாதிரி இருந்தது என்று கையை மடக்கிக் காட்டினான்.

நர்ஸின் கை நின்றது. "ஐஸ் வுணாத?" உறைந்துவிட்டதா?

"வுணா மிஸ், ஹொந்தட்டம வுணா!" நன்றாகவே உறைந்தது என்றான்.

அவள் ஊசிக் குழாயைக் கீழே வைத்தாள். எழுந்து போய் டொக்டர் பாயிஸைக் கூட்டிக்கொண்டு வந்தாள்.

டொக்டர் அட்டையைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். பேதுருவைத் தோளைப் பிடித்துச் சுவரோரம் கூட்டிக்கொண்டு போனார். "அண்ணே, இது குளிர்ல இரிக்கணும். ஆனா உறையப்படாது. உறைஞ்சா உள்ளுக்க உடைஞ்சி போயிரும். பாக்கத் தெரியாது, நல்ல மருந்து மாதிரித்தான் இரிக்கும். ஏத்தினா வேலை செய்யாது, கூடாததையும் கொண்டு வரும். இத நான் ஏத்தேலா."

பேதுருவுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது டொக்டரின் கையிலிருந்த அட்டையைப் பார்த்தான். "யாரும் சொல்லல்லையே டொக்டர். ஒருத்தரும் சொல்லல்லையே."

டொக்டர் அட்டையில் இருந்த அந்தச் சின்னப் படத்தில் விரலை வைத்தார்.

"அது பூதானே?"

"பூ இல்ல. பனி. பனி விழுற ஊர்ல அது அப்படித்தான் இரிக்கும். உறைய விடாதீங்க எண்டு அர்த்தம்."

அட பாவி, வாயை மூடிக்கொண்டு ப்ரிட்ஜில் வைத்தேன் என்று சொல்லியிருக்கக் கூடாதா என்று ஒரு நொடி அவனுக்குத் தோன்றியது. அடுத்த நொடியே அந்த நினைப்பில் உடம்பு கூசியது. அவன் டொக்டரின் கோட்டைப் பிடித்தான். "வெள்ளிக்கிழமை இங்கயே வைக்கச் சொல்லிக் கேட்டன் டொக்டர். கெஞ்சிக் கேட்டன். வெளி மருந்த எடுக்க மாட்டம் எண்டாங்க."

டொக்டர் நர்ஸைப் பார்த்தார். நர்ஸ் தரையைப் பார்த்தாள். அவளுக்குப் பின்னால் வார்டின் பெரிய ப்ரிட்ஜ் ஜெனரேட்டரில் உறுமிக்கொண்டிருந்தது. கண்ணாடிக் கதவுக்குள்ளே விளக்கு எரிந்தது. ஒவ்வொரு தட்டிலும் மருந்தின் பெயர் எழுதி ஒட்டியிருந்தது. தட்டுகளில் மருந்து இல்லை. மேல் தட்டில் யாருடையதோ ஒரு தயிர்க் கோப்பையும் இரண்டு தண்ணீர்ப் போத்தலும் இருந்தன.

"ஸ்டொக் வந்தா, அடுத்த கிளினிக்ல..." என்று தொடங்கிய டொக்டர் பாயிஸை வெளியில் யாரோ அவசரமாகக் கூப்பிட்டார்கள். அவர் பேதுருவின் கையை ஒருமுறை அழுத்திவிட்டுப் போனார்.

பேதுரு குப்பியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு லூர்தம்மாவிடம் போனான். அவளிடம் எப்படிச் சொல்வது என்று ஒன்றும் ஓடவில்லை. அவள் பாதி நித்திரையில் இருந்தாள். தலைக்கு மேலே தொங்கிய சேலைன் பையிலிருந்து சொட்டு சொட்டாக இறங்கிக்கொண்டிருந்தது. அவள் உதடு ஒவ்வொரு சொட்டுக்கும் ஒரு அருள்நிறை மரியே செபம் சொன்னது. காலடி கேட்டுக் கண்ணைத் திறந்து சிரித்தாள்.

"தொடங்கிட்டாங்க, என்ன?" என்றாள். "கையெல்லாம் குளிர்ந்துகொண்டு போகுது. நல்ல மருந்துங்க. கழுத்துல இப்பவே லேசாயிருக்கு."

பேதுரு தலையை மட்டும் ஆட்டினான்.

பெரிய நர்ஸ் வந்தாள். வெளியே வாங்கில் ஆட்கள் நாற்காலிக்காகக் காத்திருந்தார்கள். குழாயை மூட அவள் கையை உயர்த்தினாள். லூர்தம்மா பதறி எழுந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்குச் சிங்களம் அவ்வளவு வராது. "கொஞ்சம் மிச்சம் இருக்குங்க. எத்தனை பேர் பாடுபட்டு எடுத்த மருந்து. ஒரு சொட்டும் வீணாக்காம ஏத்தச் சொல்லுங்க," என்று பேதுருவைப் பார்த்துக் கெஞ்சினாள்.

அவன் சொல்லவில்லை. நர்ஸுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் லூர்தம்மாவின் விரல் காட்டிய இடம் தெரிந்தது. அவள் பேதுருவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு சேலைன் பையைக் கொக்கியிலிருந்து கழற்றி, உயரத் தூக்கிப் பிடித்து, அடியில் தங்கியிருந்ததைக் கடைசிச் சொட்டுவரை இரண்டு கையாலும் பிழிந்து விட்டாள்.